போதைப்பொருள் வழக்குகளில் தண்டனை: எடையா, பங்கா?



போதைப்பொருள் கடத்தல் வழக்கில் குற்றம் நிரூபணமாகிவிட்டது. அடுத்து நீதிமன்றம் தண்டனை அளவை முடிவுசெய்ய வேண்டும். எதை வைத்து முடிவுசெய்வது? பிடிபட்ட பொருளின் எடையை வைத்தா, பிடிபட்டவர் அந்தத் தொழிலில் வகித்த பங்கை வைத்தா? நம் நாட்டில் பெரும்பாலும் எடைதான் தீர்மானிக்கிறது. அது சரியான முறை இல்லை என்பது என் கருத்து. பிறர் என்ன வழி கண்டிருக்கிறார்கள், அந்த வழிகளில் எங்கே பள்ளம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே பேச விரும்புகிறேன்.

ஒரு வழக்கைக் கற்பனை செய்துகொள்வோம். ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளிலிருந்து 22 கிலோ கஞ்சா சென்னைக்கு வருகிறது. பணம் போட்டவர் ஒருவர். அவர் மூட்டையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மலையில் விலை பேசி, இங்கே வாங்குகிறவர்களையும் ஏற்பாடு செய்தவர் இரண்டாமவர். மூன்றாமவர் ரயிலில் பையைத் தூக்கிவந்தவர், நம் ஊரில் ‘குருவி’ என்பார்களே அந்த ஆள். சென்ட்ரலில் இறங்கிப் பையை ஒப்படைத்தால் சில ஆயிரம் ரூபாய் கூலி. நான்காமவர் பையை ஏற்றிப்போக வந்த ஆட்டோக்காரர். உள்ளே இருப்பது என்னவென்று அவருக்கு அரைகுறையாகத் தெரியும்.

நடைமேடையில் போலீஸ் மடக்குகிறது. அகப்படுவது யார்? மூன்றாமவரும் நான்காமவரும். மேலே உள்ள இருவருடைய பெயர் குற்றப்பத்திரிகையில் ‘தலைமறைவு’ என்ற சொல்லோடு வந்தால் அதுவே பெரிது. கஞ்சாவில் 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. எனவே குற்றம் நிரூபணமானால் குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல். அதே பையில் 19 கிலோ இருந்திருந்தால் குறைந்தபட்சத் தண்டனை என்ற ஒன்றே இல்லை. ஓராண்டோ மூன்றாண்டோ நீதிபதி தீர்மானிக்கலாம். இந்த மூன்று கிலோ வித்தியாசத்தை யார் முடிவுசெய்தது? பையைக் கட்டியவர். தூக்கிவந்தவர் அதை எடை போட்டுப் பார்க்கவில்லை.

எடைக்கணக்கு வந்த கதை

போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், நாம் என்.டி.பி.எஸ். என்று சொல்கிறோமே, அது 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் வடிவம் எடையைக்கூடப் பார்க்கவில்லை. கஞ்சாவுக்கு 5 ஆண்டு வரை என்று ஒரு விதிவிலக்கு இருந்தது. சொந்த உபயோகத்துக்கான சிறிய அளவு தனியாக வைக்கப்பட்டிருந்தது. மற்றபடி ஹெராயின், அபின், சரஸ் எதுவானாலும், கொஞ்சமோ அதிகமோ, 10 முதல் 20 ஆண்டு. 1989-இல் சட்டம் இன்னும் இறுகியது. ஜாமீனுக்குக் கடுமையான நிபந்தனைகள் வந்தன. மீண்டும் குற்றம் செய்கிற சிலருக்குக் கட்டாய மரண தண்டனை என்ற பிரிவும் சேர்ந்தது. அந்தக் கட்டாயத்தை 2011-இல் மும்பை உயர் நீதிமன்றம் தளர்த்தியது. 2014-இல் நாடாளுமன்றமும் அதை நீதிபதியின் முடிவுக்கு விட்டது.

2001-இல் வந்த திருத்தம்தான் இன்றைய எடைக்கணக்கைக் கொண்டுவந்தது. பெரிய அளவில் கடத்துகிறவருக்குக் கடும் தண்டனை, அடிமைப்பட்டவருக்கும் சிறிய குற்றம் செய்தவருக்கும் குறைந்த தண்டனை என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம், மறுப்பில்லை. முன்பு இருந்ததோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றமும்கூட. ஒவ்வொரு பொருளுக்கும் சிறு அளவு, வணிக அளவு என்று இரண்டு கோடுகள் போட்டார்கள். ஹெராயினுக்கு 5 கிராம், 250 கிராம். கொக்கைனுக்கு 2 கிராம், 100 கிராம். கஞ்சாவுக்கு 1 கிலோ, 20 கிலோ. மெத்தாம்பெட்டமைனுக்கு 2 கிராம், 50 கிராம். சிறு அளவு என்றால் இன்று ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இடைப்பட்ட அளவு என்றால் 10 ஆண்டு வரை. வணிக அளவு என்றால் 10-இல் தொடங்கி 20 வரை, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதத்தோடு.

பெரிய ஆளிடம் பெரிய சரக்கு இருக்கும், சின்ன ஆளிடம் சின்ன சரக்கு இருக்கும் என்பது இந்தக் கணக்குக்கு அடியில் உள்ள அனுமானம். சில்லறையில் பொட்டலம் விற்கிறவரைப் பொறுத்தவரை அது ஓரளவு சரி. கூலிக்குத் தூக்குகிறவரிடம் அது தலைகீழாகிவிடுகிறது. தொழிலில் மிகப் பெரிய எடையைக் கையில் வைத்திருப்பவர் அவர்தான். மிகக் குறைந்த பங்கு உள்ளவரும் அவர்தான். முதலாளியின் கையில் ஒரு கிராம்கூட இருக்காது. கையில் சரக்கு வைத்திருக்கத் தேவையில்லாத நிலைக்கு உயர்ந்துவிட்டதால்தான் அவர் முதலாளி.

கலப்படம் செய்கிற விபரீதம்

எடைக்கணக்கில் இன்னொரு சிக்கல், கலப்படம். ஹெராயின் எப்போதும் சுத்தமாக விற்பதில்லை. கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் ஏதாவது ஒரு தூளைக் கலந்து பெருக்குகிறார்கள். பிடிபட்ட மொத்தத்தையும் எடை போடுவதா, அதிலுள்ள உண்மையான போதைப்பொருளை மட்டும் கணக்கில் எடுப்பதா?

2008-இல் மைக்கேல் ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உண்மையான உள்ளடக்கத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றது. அந்த வழக்கில் பிடிபட்டது 4 கிலோவுக்குச் சற்று மேல். அதில் ஹெராயின் ஏறத்தாழ 60 கிராம். 2009-இல் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டு, முழுக் கலவையும் கணக்கில் வரும் என்றது. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு மைக்கேல் ராஜ் தீர்ப்பைச் செல்லாது என்று சொல்லி, முழு எடையே அளவுகோல் என உறுதி செய்தது. தெருவுக்கு வருவதே கலவைதான், இளைஞர்களைக் கெடுப்பதும் அந்தக் கலவைதான், அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் சட்டத்தின் நோக்கமே வீணாகும் என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். வலுவான காரணம்தான்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சங்கிலியின் மேல்படியில் ஒருவர் 240 கிராம் ஹெராயினோடு பிடிபடுகிறார். சுத்தம் 80 சதவீதம். அதாவது 192 கிராம் உண்மையான ஹெராயின். இது இடைப்பட்ட அளவு. குறைந்தபட்சத் தண்டனை இல்லை. கீழ்ப்படியில் ஒருவர் 260 கிராம் தூளோடு பிடிபடுகிறார். சுத்தம் 5 சதவீதம். உண்மையான ஹெராயின் 13 கிராம். இது வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு. சரக்கு எவ்வளவு தூரம் கீழே இறங்குகிறதோ அவ்வளவு நீர்த்துப்போகிறது. தண்டனையோ அந்தத் திசையில் கனத்துக்கொண்டே போகிறது. ஹீரா சிங் தீர்ப்பைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. எடையை ஒரே அளவுகோலாக வைத்தால் எந்த விதி போட்டாலும் யாராவது ஒருவருக்கு அநீதி நடக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் சட்டத்தில் பங்குக்கு இடம் உண்டா?

பிரிவு 29-ஐப் பாருங்கள். உடந்தையாக இருந்தவருக்கும் சதியில் பங்கேற்றவருக்கும் மூலக் குற்றத்துக்குரிய அதே தண்டனை. பிரிவு 54-இன்படி, பொருள் கையில் இருந்தாலே குற்றம் செய்தவர் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். பிரிவு 35 இன்னும் ஒரு படி மேலே போகிறது. குற்ற எண்ணம் இருந்ததாகவே அனுமானம். இல்லை என்றால் குற்றம் சாட்டப்பட்ட எதிரிதான் நிரூபிக்க வேண்டும், அதுவும் நியாயமான சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு. 2008-இல் நூர் ஆகா வழக்கில், அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிரூபித்த பிறகே இந்த அனுமானம் எழும் என்று உச்ச நீதிமன்றம் ஒரு வரம்பு கட்டியது. அந்த வரம்புக்குள்ளும் நம் ஆட்டோக்காரரின் ‘அரைகுறையாகத் தெரியும்’ என்ற நிலைக்குப் பெரிய மதிப்பு இல்லை.

பிறகு பிரிவு 32பி. இது 2001-இல் வந்தது. குறைந்தபட்சத்துக்கு மேல் தண்டனை கொடுக்க எவற்றைப் பார்க்கலாம் என்று ஆறு காரணங்களை அடுக்குகிறது. வன்முறை அல்லது ஆயுதம், அரசுப் பதவியைப் பயன்படுத்தியது, சிறுவர்களை இழுத்துவிட்டது, பள்ளி கல்லூரி வளாகத்திலோ அருகிலோ செய்தது, குற்றக் கும்பலைச் சேர்ந்தவராக இருப்பது, இதைக் கொண்டு வேறு குற்றங்களில் ஈடுபட்டது. ஏற்றுவதற்கு ஆறு காரணம் எழுதிய சட்டம், இறக்குவதற்கு ஒன்றுகூட எழுதவில்லை. வணிக அளவு என்றால் 10 ஆண்டுக்குக் கீழே இறங்க நீதிபதிக்கு வழியே கிடையாது.

10-க்கும் 20-க்கும் இடையிலாவது பங்கைப் பார்க்கிறோமா? 2019-இல் ரஃபீக் குரேஷி வழக்கில் உச்ச நீதிமன்றம், பிரிவு 32பி சொல்லும் ஆறோடு நீதிமன்றம் நின்றுவிட வேண்டியதில்லை, எடை உட்பட மற்றவற்றையும் பார்க்கலாம் என்றது. அந்த வழக்கில் தண்டனையை 12 ஆண்டாகக் குறைத்தது. 2021-இல் குர்தேவ் சிங் வழக்கு வந்தது. 1 கிலோ ஹெராயின், 15 ஆண்டு தண்டனை. சரக்கைக் கொடுத்த முக்கியப் புள்ளி பிடிபடவே இல்லை, நான் வெறுமனே கொண்டுசென்றவன் என்பது அவருடைய முறையீடு. நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏழை என்பதோ, குடும்பத்தில் சம்பாதிக்கும் ஒரே ஆள் என்பதோ, சுமந்தவர் மட்டுமே என்பதோ தண்டனையைக் குறைக்கக் காரணமாகாது என்றது. போதைப்பொருளால் எத்தனையோ இளைஞர்கள் சாகிறார்கள், சமூகத்தின் நலனைப் பார்க்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் குரல். அந்தக் குரலில் உண்மை இருக்கிறது. ஆனால் கேள்வி மிஞ்சி நிற்கிறது. சுமந்தவருக்கு 15 ஆண்டு என்றால், சுமக்கச் சொன்னவர் நாளை பிடிபடும்போது அவருக்கு எவ்வளவு? மீதமிருப்பது 5 ஆண்டுதான்.

சுமக்கச் சொன்னவரைப் பிடிப்பதில் நம் அக்கறை எப்படி? ஓர் உண்மை நிகழ்வைச் சொல்கிறேன். கடத்தலுக்குப் பணம் போடுகிறவரைத் தண்டிக்கும் பிரிவு 27ஏ. அது, சட்டவிரோதக் கடத்தலுக்கு விளக்கம் தரும் உட்பிரிவை எண் குறிப்பிட்டு அழைக்கும். 2014 திருத்தத்தில் அந்த உட்பிரிவுக்கு வேறு எண் கொடுத்தார்கள். 27ஏ-வில் பழைய எண்ணையே விட்டுவிட்டார்கள். அதாவது, பணம் போடும் முதலாளிக்கு எதிரான பிரிவு, கடத்தலோடு சம்பந்தமே இல்லாத ஒரு விளக்கத்தைச் சுட்டிக்கொண்டிருந்தது. ஏழு ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 2021-இல் திரிபுரா உயர் நீதிமன்றம் கவனித்துச் சொன்ன பிறகு அவசரச் சட்டம் போட்டு, 2014 மே முதல் நாள் தொட்டு அமலாகும்படி திருத்தினார்கள். சுமப்பவருக்கான பிரிவில் இப்படி ஒரு பிழை இருந்திருந்தால் ஏழு வாரத்தில் தெரிந்திருக்கும். ஏனென்றால் அந்தப் பிரிவு நாள்தோறும் பயன்படுகிறது.

இதோடு 2020-இல் தமிழ்நாட்டு வழக்கான தூஃபான் சிங் வழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிகாரிகளிடம் பிரிவு 67-இன்கீழ் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக எடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மனித உரிமை நோக்கில் வரவேற்க வேண்டிய தீர்ப்பு. அதன் நடைமுறை விளைவு என்ன? பிடிபட்டவருடைய வாயிலிருந்து முதலாளியின் பெயரை வாங்கி வழக்கை முடிக்கும் பழைய சுலபம் போய்விட்டது. வங்கிக் கணக்கு, தொலைபேசிப் பதிவு, பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்தவர் யார் என்பது போன்ற சாட்சியங்களைத் தேடித்தான் மேலே போக முடியும். பங்கை நிரூபிக்கும் சாட்சியங்களும் இவையேதான்.

மற்றவர்கள் செய்தது

இங்கிலாந்தில் தண்டனை வழிகாட்டு மன்றம் போதைப்பொருள் குற்றங்களுக்கான வழிகாட்டியை 2012 பிப்ரவரி 27 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2021-இல் அதைப் புதுப்பித்தார்கள். அங்கேயும் எடை உண்டு. அது தீங்கின் அளவைக் காட்டும். அதற்குக் குறுக்கே இன்னொரு கோடு போட்டார்கள். தலைமைப் பங்கு, முக்கியப் பங்கு, குறைந்த பங்கு என்று மூன்று நிலை. வணிக அளவில் வாங்கி விற்பதை நடத்துகிறவர், சரக்கு கிளம்பும் இடத்தோடு நெருங்கிய தொடர்புள்ளவர், பெரும் லாபத்தை எதிர்பார்க்கிறவர், தலைமைப் பங்கு. சங்கிலிக்குள் மேற்பார்வை செய்கிறவர், பிறரை மிரட்டியோ பணம் கொடுத்தோ உள்ளே இழுக்கிறவர், முக்கியப் பங்கு. பிறர் சொன்னதைச் செய்கிறவர், மிரட்டலுக்கோ ஏமாற்றுக்கோ ஆளானவர், மேலே உள்ளவர்கள்மீது எந்தச் செல்வாக்கும் இல்லாதவர், தொழிலின் அளவே தெரியாதவர், குறைந்த பங்கு. 5 கிலோ அளவிலான ஹெராயின் அல்லது கொக்கைன் விநியோக வழக்கில் தலைமைப் பங்குக்குத் தொடக்கப் புள்ளி 14 ஆண்டு, முக்கியப் பங்குக்கு 10, குறைந்த பங்குக்கு 7. எடை ஒன்று, தண்டனை மூன்று. இதில் கடைசி ஆளை யாரும் அவிழ்த்துவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். 7 ஆண்டு சிறிய தண்டனை இல்லை.

இந்த இடத்துக்கு அவர்கள் ஒரே நாளில் வரவில்லை. 1982-இல் அராமா வழக்கில் அன்றைய தலைமை நீதிபதி லார்ட் லேன் தெரு மதிப்பை வைத்துத் தண்டனை அளவுகளைச் சொன்னார். சுமந்து வருகிறவரின் நல்ல பின்னணிக்கு அதிக எடை கொடுக்கக் கூடாது என்றும் சொன்னார். அனுதாபம் பிறக்கும்படியான ஆட்களாகப் பார்த்துத்தான் பெரிய புள்ளிகள் பிடித்து அனுப்புகிறார்கள் என்பது அவருடைய காரணம். முப்பது ஆண்டு அனுபவத்துக்குப் பிறகுதான் பங்குக்குத் தனிக் கோடு போட்டார்கள். நியூசிலாந்திலும் 2019-இல் ஷாங் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், எடையோடு பங்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று தன் பழைய வழிகாட்டியைத் திருத்தியது.

சிங்கப்பூரின் கதை வேறு. நமக்கு மிக நெருங்கிய கதையும்கூட. அங்கே 15 கிராமுக்கு மேல் ஹெராயின், 500 கிராமுக்கு மேல் கஞ்சா என்றால் மரண தண்டனை. 2013 தொடக்கத்திலிருந்து ஒரு விலக்கு உண்டு. குற்றத்தில் ஒருவருடைய பங்கு சுமப்பது, அனுப்புவது, ஒப்படைப்பது என்ற அளவோடு நின்றிருக்க வேண்டும். அதோடு, கடத்தலை முறியடிக்க அவர் உருப்படியான உதவி செய்தார் என்று அரசு வழக்கறிஞர் சான்றிதழ் தர வேண்டும். இரண்டும் இருந்தால் நீதிபதி ஆயுள் தண்டனையும் 15 பிரம்படியும் கொடுக்கலாம். மனநிலைக் குறைபாடு காரணமாகப் பொறுப்பு கணிசமாகக் குறைந்திருந்தால் அதற்குத் தனி விலக்கு.

இரண்டு மலேசிய இளைஞர்களின் வழக்கை அடுத்தடுத்து வையுங்கள். யோங் வூய் கோங், 2007-இல் 19 வயதில் 47.27 கிராம் ஹெராயினோடு பிடிபட்டார். தூக்கு விதிக்கப்பட்டது. புதிய விலக்கின்கீழ் 2013 நவம்பரில் ஆயுள் தண்டனையாக மாறியது. நாகேந்திரன் தர்மலிங்கம், 2009-இல் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் 42.72 கிராமோடு பிடிபட்டார், தொடையில் கட்டியிருந்தார். அவருடைய நுண்ணறிவு அளவு 69 என்று மதிப்பிடப்பட்டது. மனநிலைக் குறைபாட்டு வாதத்தை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. அரசு வழக்கறிஞரின் சான்றிதழும் கிடைக்கவில்லை. 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார். குறைந்த எடை வைத்திருந்தவர் இறந்தார். கூடுதல் எடை வைத்திருந்தவர் பிழைத்தார். பங்கைப் பார்க்கும் கதவைத் திறந்த சிங்கப்பூர், அதன் சாவியை நீதிபதியிடம் கொடுக்காமல் அரசு வழக்கறிஞரிடம் கொடுத்தது. கெட்ட எண்ணத்தோடு மறுத்தார் என்று காட்டினால் தவிர, அந்த மறுப்பைக் கேள்வி கேட்பது மிகக் கடினம்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. உதவி செய்தால் உயிர் என்றால், உதவக்கூடிய தகவல் யாரிடம் இருக்கும்? மேலே உள்ளவரோடு பழகியவரிடம். ஒரு புனைபெயரும் ஒரு கைபேசி எண்ணும் மட்டுமே தெரிந்த கடைசி ஆளிடம் கொடுக்க என்ன இருக்கிறது? ஆழமாக ஈடுபட்டவர் தப்பவும், மேலோட்டமாக ஈடுபட்டவர் சிக்கவும் இது வழி செய்கிறது.

இந்தச் சிக்கலுக்கு அமெரிக்கா ஒரு பதில் கண்டது. 1986-இல் 5 ஆண்டு, 10 ஆண்டு என்று எடையை வைத்தே கட்டாயத் தண்டனைகள் போட்ட நாடு அது. சின்ன ஆட்களால் சிறைகள் நிறைந்த பிறகு 1994-இல் ஒரு விலக்கை ஏற்படுத்தியது. வன்முறை இல்லை, தலைவராகவோ ஒருங்கிணைப்பாளராகவோ இல்லை, தெரிந்ததையெல்லாம் உண்மையாகச் சொல்லிவிட்டார் என்பன போன்ற நிபந்தனைகள் நிறைவேறினால், நீதிபதி குறைந்தபட்சத்துக்குக் கீழே போகலாம். முக்கியமான வரி இது: சொன்ன தகவல் பயனற்றது, அல்லது அரசுக்கு ஏற்கெனவே தெரிந்தது என்பதற்காக விலக்கை மறுக்க முடியாது. உண்மையாகச் சொன்னால் போதும். இந்த ஒரு வரியை நாம் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மலேசியா 2018-இல் சிங்கப்பூரைப் போன்ற ஒரு விலக்கில் தொடங்கியது. 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனையையே நீக்கிவிட்டது. இரு நாடுகளையும் இணைக்கும் பாலத்தின் இரண்டு முனைகளில் இன்று இரண்டு வேறு சட்டங்கள்.

மறுப்புகள்

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. முதல் வாதம், பங்கைப் பார்த்தால் பிடிபடும் ஒவ்வொருவரும் ‘நான் குருவிதான்’ என்பார்கள். உண்மை. 1999-இல் ஓல்ப்ரிச் வழக்கில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் இதைத்தான் எச்சரித்தது. சுமந்தவர், முதலாளி என்ற முத்திரைகளைவிட அந்த ஆள் உண்மையில் என்ன செய்தார் என்பதே முக்கியம். தனக்குச் சாதகமானதை எதிரி சொன்னதற்காகவே நம்பிவிட வேண்டியதில்லை என்றது. முழுக்க ஏற்கிறேன். குருவிகளிலும் பல முறை போய்வந்து கைதேர்ந்தவர்கள் உண்டு. நல்ல கூலி வாங்கி, தெரிந்தே செய்கிறவர்களும் உண்டு. ஆகவே முத்திரை வேண்டாம், சாட்சியம் வேண்டும். பயணச்சீட்டை யார் எடுத்தார்? பையைக் கட்டியது யார்? கூலி எவ்வளவு? எத்தனையாவது பயணம்? தொலைபேசியில் யாரோடு பேசினார்? இவற்றை நிரூபிக்கும் பொறுப்பை எதிரியின் மீதே வையுங்கள். ஆனால் சாத்தியங்களை எடைபோடும் அளவுக்கு நிரூபித்தால் போதும் என்று வையுங்கள்.

இரண்டாவது வாதம், கீழே உள்ளவர்களுக்குத் தண்டனை குறைந்தால் அச்சம் போய்விடும், தொழில் பெருகும். கட்டாய 10 ஆண்டு வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. கூலிக்குத் தூக்க ஆள் கிடைக்காமல் எந்த முதலாளியாவது கடையை மூடினாரா? ஒருவர் உள்ளே போனால் அடுத்தவர் வருகிறார். தொழிலை நிறுத்துவது, பணம் போடுகிறவர் பிடிபடுவார் என்ற நிச்சயம். அந்த நிச்சயத்தை நாம் இன்னும் உருவாக்கவில்லை.

மூன்றாவது வாதம், பிள்ளைகளைப் போதைக்கு இழந்த பெற்றோரின் வாதம். அதற்கு முன்னால் தலை தாழ்த்துகிறேன். அவர்களுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால், அந்தப் பிள்ளையின் கைக்குச் சரக்கு வந்துசேர்ந்ததில் யார் லாபம் அடைந்தாரோ அவர் அதிகமாகத் தண்டிக்கப்பட வேண்டும். சுமந்தவரை 10 ஆண்டு உள்ளே வைத்துவிட்டு வழக்கை மூடுவது அந்தப் பெற்றோருக்குக் கொடுத்த பதிலாகாது.

என்ன செய்யலாம்

சட்டத் திருத்தமாக நான் கேட்பது மூன்று. ஒன்று, வணிக அளவு வழக்கிலும், குறைந்த பங்கு நிரூபணமானால் காரணம் எழுதி 10 ஆண்டுக்குக் கீழே போக நீதிபதிக்கு அதிகாரம் வேண்டும். இரண்டு, தெரிந்ததை உண்மையாகச் சொன்னவருக்கு, அந்தத் தகவலின் பயனைப் பார்க்காமல் சலுகை வேண்டும். அதை முடிவுசெய்வது நீதிமன்றமாகவே இருக்க வேண்டும், அரசு வழக்கறிஞரின் சான்றிதழாக இருக்கக் கூடாது. மூன்று, ஆய்வக அறிக்கையில் சுத்தத்தின் சதவீதத்தைக் கட்டாயம் குறிப்பிட்டு, தண்டனைக் கட்டத்தில் அதைக் கருத்தில் கொள்ள வேண்டும். எந்த அளவுப் பிரிவு என்பதை முழு எடையே தீர்மானிக்கட்டும். அதற்குள் எவ்வளவு தண்டனை என்பதில் சுத்தமும் பேசட்டும்.

சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவையும் உண்டு. தண்டனை குறித்து எதிரியைக் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் தீர்ப்பு வாசித்த அதே மதியம், ‘ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா’ என்று கேட்பார்கள். ‘ஐயா, குடும்பத்தை நான்தான் காப்பாத்தணும், பார்த்துப் போடுங்க’ என்பார். ஒரு வரியில் முடிந்துவிடும். இன்னொரு நாள் ஒதுக்கி, பங்கு பற்றிய சாட்சியங்களை அங்கே கேட்கலாம். அபராதம் கட்டாவிட்டால் கூடுதல் சிறை என்பதிலும் கவனம் வேண்டும். ஒரு லட்சம் ரூபாய் முதலாளிக்கு ஒரு நாள் செலவு. குருவிக்கு அது இன்னும் சில ஆண்டுச் சிறை. 2007-இல் சாந்திலால் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஏழையான ஒருவருக்கு அபராதத்துக்குப் பதிலாக விதித்த மூன்று ஆண்டை ஆறு மாதமாகக் குறைத்தது. அந்தத் தீர்ப்பை எடுத்துச் சொல்லும் வழக்கறிஞர்கள் வேண்டும்.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் சிலர் நாளை சிறப்பு நீதிமன்றங்களில் அரசுத் தரப்பில் நிற்பீர்கள், சிலர் எதிரித் தரப்பில், ஒருசிலர் நீதிபதி மேடையிலேயே அமர்வீர்கள். எந்தப் பக்கம் நின்றாலும் மூன்று கேள்விகளை வழக்குப் பதிவில் ஏற்றுங்கள். பணம் யாருடையது? முடிவு எடுத்தது யார்? லாபம் யாருக்கு? பதில் கிடைத்தால் அதைத் தீர்ப்பில் எழுதுங்கள். கிடைக்கவில்லை என்றால், விசாரணை அதைத் தேடவில்லை என்று எழுதுங்கள். அந்தப் பதிவுகள் சேர்ந்தால்தான் மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கும் நாடாளுமன்றத்துக்கும் இந்தச் சட்டத்தை மாற்ற ஆதாரம் கிடைக்கும். அந்த வேலையை நீங்கள் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.